யாரிடம் போய் முறையிடுவது? மனித உரிமைப் பாதுகாப்புக்கான உலக முயற்சிகளின் கதை

1933 மே மாதம் ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கத்துக்கு (League of Nations, ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகளின் அமைப்பு) ஒரு மனு வந்து சேர்ந்தது. ஹிட்லர் ஆட்சியைப் பிடித்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மனு போட்டவர் பெயர் ஃபிரான்ஸ் பெர்ன்ஹைம். அரசியல் தலைவர் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் மேல் சைலீசியா என்ற பகுதியில், கிளைவிட்ஸ் நகரத்துப் பெரிய அங்காடி ஒன்றில் வேலை பார்த்தவர். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஏப்ரல் கடைசியில் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அப்போது ஜெர்மனி முழுக்க யூதர்கள் வேலை இழந்துகொண்டிருந்தார்கள். பெர்லினிலும் மியூனிக்கிலும் இருந்தவர்களுக்குச் சொந்த அரசைத் தாண்டிப் போய் முறையிட ஒரு இடம் கிடையாது. பெர்ன்ஹைமுக்கு இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு மேல் சைலீசியாவைப் பங்கு போட்டுக்கொண்ட ஜெர்மனியும் போலந்தும் 1922ல் 15 ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. அங்குள்ள சிறுபான்மையினரைச் சமமாக நடத்த வேண்டும், தவறினால் பாதிக்கப்பட்டவர் நேரடியாகச் சர்வதேச சங்கத்துக்கு மனுச் செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தது. யூத அமைப்புகள் இந்த வழியைக் கண்டுபிடித்தன. மனுப் போடத் தகுதியுள்ள ஒருவர் தேவைப்பட்டார், பெர்ன்ஹைம் முன்வந்தார். சங்கத்தின் அவை மனுவை எடுத்துக்கொண்டபோது, கீழ்மட்ட அதிகாரிகள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று ஜெர்மனி சமாளித்தது. கடைசியில் அந்தப் பகுதியில் மட்டும் யூத விரோதச் சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. யூத வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் அங்கே தொழிலைத் தொடர முடிந்தது. 1935ல் வந்த நியூரம்பெர்க் சட்டங்கள்கூட அங்கே உடனே நுழையவில்லை. 1937 ஜூலை 15 அன்று ஒப்பந்தம் காலாவதியானது. அதன் பிறகு எல்லாச் சட்டங்களும் அங்கேயும் வந்துவிட்டன.

மனித உரிமைப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பிரகடனத்திலிருந்து அடுத்த பிரகடனத்துக்குப் போவார்கள். எனக்கு அந்த வரிசையைவிட பெர்ன்ஹைமின் நான்கு ஆண்டுகள் அதிகம் சொல்கின்றன. ஓர் அரசு தன் மக்களையே நசுக்கும்போது அவர்கள் யாரிடம் போய் முறையிடுவது? கேட்பவருக்குக் கேள்வி கேட்கும் அதிகாரமாவது இருக்கிறதா? கடந்த 200 ஆண்டுகளில் நடந்த பெரும் போராட்டங்கள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

தொடக்கத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் குரலே இல்லை. பிரிட்டன் 1807ல் அடிமை வாணிபத்தைத் தடை செய்தது. 1817லிருந்து ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளோடு ஒப்பந்தம் போட்டு, ஃப்ரீடவுன், ஹவானா, ரியோ டி ஜெனிரோ ஆகிய துறைமுகங்களில் இரு நாட்டு நீதிபதிகள் அமரும் கூட்டு நீதிமன்றங்களை வைத்தது. மனித உரிமைக்காக ஏற்பட்ட முதல் சர்வதேச நீதிமன்றங்கள் என்று இவற்றைச் சொல்லலாம். பல்லாயிரம் பேர் இவற்றால் விடுதலை பெற்றார்கள். ஃப்ரீடவுனில் அவர்களைப் பதிவு செய்த பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, பச்சை குத்திய அடையாளம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஆனால் வழக்கு என்னவோ கப்பலின் மீது. ஒப்பந்தத்தை மீறியதற்காகப் பறிமுதல் செய்யலாமா என்பதே அங்கே கேள்வி. கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியில் கிடந்தவர்கள் அந்த வழக்கில் மனுதாரர் இல்லை. 1833ல் பிரிட்டன் அடிமை முறையையே ஒழித்தபோதும் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு உடைமையாளர்களுக்குப் போனது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒன்றும் தரவில்லை.

காங்கோவில் கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் அந்தப் பிரதேசத்தைத் தன் சொந்தச் சொத்தாக வைத்து ரப்பருக்காக மக்களைச் சூறையாடினார். 1904ல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரி எடுத்த படத்தில், ன்சாலா என்ற தகப்பன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தன் சிறு மகளின் வெட்டப்பட்ட கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரப்பர் அளவு குறைந்ததற்குத் தண்டனை அது. அந்த மனிதர் அவற்றை இலையில் சுற்றி மிஷனுக்கே தூக்கிக்கொண்டு வந்தார். வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டே பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் தன் அறிக்கையில் காங்கோ மக்களின் வாக்குமூலங்களை அவர்கள் சொன்னபடியே சேர்த்தார். படமும் அறிக்கையும் ஊர் ஊராகப் போயின. 1908ல் லியோபோல்டின் கையிலிருந்து காங்கோ பறிபோனது. போனது பெல்ஜிய அரசின் கைக்கு. காலனி ஆட்சி அப்படியே தொடர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1919ல் பாரிஸ் சமாதான மாநாட்டில், புதிதாக அமையவிருந்த சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் இனச் சமத்துவத்தைச் சேர்க்க ஜப்பான் கேட்டது. 17 வாக்குகளில் 11 ஆதரவாக விழுந்தன. ஏகமனதாக இல்லை என்று சொல்லி அமெரிக்க அதிபர் வில்சன் அதைத் தள்ளிவிட்டார். அப்புறம் போலந்து, ருமேனியா போன்ற சிறிய, புதிய நாடுகளின் தலையில் சிறுபான்மைப் பாதுகாப்பு ஒப்பந்தங்களைக் கட்டினார்கள். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. சொல்கிறவருக்கு ஒரு சட்டம், கேட்கிறவருக்கு ஒரு சட்டம் என்ற இந்தக் கோணல் அன்று விழுந்தது. இன்னும் நிமிரவில்லை.

1945ல் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது அதன் முகவுரையில் அடிப்படை மனித உரிமைகள் இடம்பெற்றன. முகவுரையை எழுதியதில் முக்கியப் பங்கு தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸுக்கு உண்டு. மறு ஆண்டே அவர் அதே ஐ.நா.வில் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஆசியர்கள் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் அவரது அரசு 1946ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அவர்களில் கணிசமான தமிழர்களும், அந்தச் சட்டத்தில் சிக்கினார்கள். இன்னும் சுதந்திரமே அடையாத இந்தியா, விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் பொதுச் சபைக்குப் புகார் கொண்டுபோனது. இது எங்கள் உள்நாட்டு விவகாரம், ஐ.நா. தலையிட முடியாது என்று சாசனத்தின் இரண்டாவது பிரிவைக் காட்டினார் ஸ்மட்ஸ். 1946 டிசம்பர் 8 அன்று மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு இந்தியாவின் தீர்மானம் நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா அதை மதிக்கவில்லை. ஆனாலும் உள்நாட்டு விவகாரம் என்ற கவசத்தில் விழுந்த முதல் பெரிய கீறல் அது.

பெரிய நாடுகள் சுதாரித்துக்கொண்டன. புதிதாக அமைந்த ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்கு உலகெங்குமிருந்து புகார்க் கடிதங்கள் வந்து குவிந்தன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலை பற்றி டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் தொகுத்த விரிவான மனுவும் 1947ல் அங்கே போனது. அந்த ஆண்டே, மனித உரிமை பற்றிய எந்தப் புகார் மீதும் நடவடிக்கை எடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று ஆணையம் தானாகவே அறிவித்துவிட்டது. ஆராய்ச்சி மணியைக் கட்டிவிட்டுக் கயிற்றை அறுத்த கதை. வருகிற கடிதங்களைப் பட்டியலிட்டு அடுக்கிவைத்தார்கள், அவ்வளவே. ஐ.நா. மனித உரிமைப் பிரிவின் முதல் இயக்குநராக இருந்த ஜான் ஹம்ப்ரியே, மிகவும் விரிவாக வடிவமைக்கப்பட்ட குப்பைத்தொட்டி என்று பின்னாளில் அந்த ஏற்பாட்டைக் கசப்போடு குறிப்பிட்டார்.

1948 டிசம்பர் 10 பாரிஸில் நிறைவேறிய உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை, விலகி நின்றவை 8. சோவியத் அணியும் சவூதி அரேபியாவும் தென்னாப்பிரிக்காவும் அந்த எட்டில் அடக்கம். முப்பது பிரிவுகளும் அருமையானவை. எலினார் ரூசவெல்ட், ரெனே காசன், பி. சி. சாங், சார்ல்ஸ் மாலிக், ஹன்சா மேத்தா என்று பல மண்ணிலிருந்து வந்தவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் யாரும் அதைக் காட்டி எந்த அரசையும் கேள்வி கேட்க முடியாது. சட்டபூர்வமாகக் கட்டுப்படுத்தாது என்பதாலேயே அத்தனை அரசுகள் எதிர்ப்பில்லாமல் அதை ஏற்றன என்பது என் கணிப்பு.

ஐரோப்பா ஒரு படி மேலே போனது. 1950ல் ரோமில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் தனிமனிதர் தன் அரசுக்கு எதிராக மனுப் போட வழி இருந்தது, அதுவும் அரசு ஒப்புக்கொண்டால். ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் 1959ல் அமைந்தது. ஐரோப்பா என்றால் அதன் காலனிகள்? பிரிட்டன் 1953ல் உடன்படிக்கையைத் தன் காலனிகளுக்கும் நீட்டியது. கென்யாவுக்கு அவசரநிலை என்று சொல்லி விலக்கு வாங்கிக்கொண்டது. அதே ஆண்டுகளில் அங்கே காலனி ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்கத் தடுப்பு முகாம்களில் மக்களை அடைத்துச் சித்திரவதை செய்தது. அரை நூற்றாண்டு கழித்து, தள்ளாத வயதில் சில முதியவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2013ல் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்குச் சேர்த்து 1.99 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது.

அறுந்த கயிற்றை மறுபடி கட்டியவர்கள் காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள். மனித உரிமை மேற்கத்தியர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 1960ல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. நிறவெறியை எதிர்த்து அவை எடுத்த முயற்சியால் 1965ல் இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை வந்தது. தனிமனிதர் புகார் தரும் ஏற்பாட்டை அதில் சேர்க்க முன்நின்றவை மேற்கத்திய வல்லரசுகள் அல்ல. கானா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகள். மறு ஆண்டு, குடியியல்-அரசியல் உரிமைகளுக்கு ஒன்று, பொருளாதார-சமூக-பண்பாட்டு உரிமைகளுக்கு ஒன்று என இரண்டு பெரிய உடன்படிக்கைகள் நிறைவேறின. 1967லும் 1970லும் வந்த தீர்மானங்களால் ஆணையம் தன் பழைய 'அதிகாரம் இல்லை' நிலையைக் கைவிட்டது. தென்னாப்பிரிக்காவை மனதில் வைத்துத் திறந்த கதவு அது. 1973ல் ராணுவத் தளபதி பினோசே சிலியின் அரசைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்ததும் சிலி மக்களும் அதே கதவைத் தட்டினார்கள்.

இன்னொரு கதவு 1976ல் நடைமுறைக்கு வந்த விருப்ப நெறிமுறை, அதாவது குடியியல்-அரசியல் உரிமை உடன்படிக்கையோடு விரும்பும் நாடுகள் மட்டும் ஏற்கும் துணை ஒப்பந்தம். அதை ஏற்ற நாட்டில், உள்ளூர் நீதிமன்றங்கள் கைவிட்ட ஒருவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தானே எழுதலாம். இந்தியாவும் அமெரிக்காவும் இதை ஏற்கவில்லை. இலங்கை 1997ல் ஏற்றது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதான தமிழர் ஒருவருக்கு 50 ஆண்டுச் சிறை, மேல்முறையீட்டில் 35 ஆண்டு என்று தண்டனை விதித்திருந்தார்கள். அவருக்கு எதிரான முக்கியச் சான்று சிங்களத்தில் தட்டச்சான ஒரு வாக்குமூலம், அதில் அவர் கைரேகை. சித்திரவதை செய்து வாங்கினார்கள் என்று அவர் சொன்னார். அப்படி வாங்கியதை நிரூபிக்க வேண்டியதும் அவர் பொறுப்பே என்றது சட்டம். ஜெனீவாவில் இருந்த குழு 2004ல் இது நியாயமான விசாரணை அல்ல, விடுதலையோ மறுவிசாரணையோ வேண்டும் என்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் உச்ச நீதிமன்றம் போனார். அந்த நெறிமுறையில் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்குப் புறம்பு என்று 2006ல் தீர்ப்பு வந்தது. சிறையிலிருந்து ஜெனீவா வரை போன ஒரு முறையீடு, கொழும்பில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது.

சரி, கதவு திறந்து பலன் கிடைத்த இடம் உண்டா? அர்ஜென்டினாவைச் சொல்வேன். 1976ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆட்களை இரவில் தூக்கிக்கொண்டு போனார்கள். காவல் நிலையத்தில் கேட்டால் தெரியாது, முகாமில் கேட்டால் தெரியாது. 1977 ஏப்ரல் 30 அன்று 14 தாய்மார்கள் புவனோஸ் ஐரிஸின் மே சதுக்கத்தில், அதிபர் மாளிகை எதிரில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்று போலீஸ் அதட்டியது. அவர்கள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்துச் சதுக்கத்தின் நடுவில் உள்ள தூணைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளத் தலையில் வெள்ளைத் துணி கட்டினார்கள். அது தங்கள் குழந்தைகளுக்குக் கட்டிய துணி. அந்த ஆண்டு டிசம்பர் 10, மனித உரிமை நாள் அன்று, காணாமல் போனவர்களின் பெயர்களைப் பத்திரிகையில் விளம்பரமாகவே போட்டார்கள். அன்றைக்கே அவர்களில் முதன்மையானவரான அசுசேனா வில்லாஃப்ளோரைக் கடத்திக்கொண்டு போனார்கள்.

1979 செப்டம்பரில் வட, தென் அமெரிக்க நாடுகளுக்குப் பொதுவான மனித உரிமை ஆணையம் நேரில் விசாரிக்க வந்தது. மே அவென்யூவில் அதன் அலுவலக வாசலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வரிசையில் நின்றன. அதே வாரம் உலக இளைஞர் கால்பந்துக் கோப்பையை அர்ஜென்டினா வென்றது. கொண்டாடுகிற கூட்டத்தை அந்தத் தெருவுக்கே போகச் சொல்லி, நாட்டின் உண்மை முகத்தைக் காட்டுங்கள் என்று ஒரு வானொலி வர்ணனையாளர் தூண்டிவிட்டார். கூச்சலுக்கு நடுவே நின்றவர்கள் வரிசையை விட்டு நகரவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் பதிவாயின. 1980ல் வெளிவந்த அறிக்கை, ராணுவம் மறுத்துவந்த அத்தனையையும் எழுத்தில் வைத்தது.

ஜெனீவாவிலும் அதே ஆண்டு ஒன்று நடந்தது. தன் நாட்டின் பெயரைச் சொல்லி விசாரணைக் குழு அமைந்துவிடக் கூடாது என்று அர்ஜென்டினத் தூதர் மும்முரமாக வேலை செய்தார். பெயர் தவிர்க்கப்பட்டது. அதற்குப் பதிலாக, உலகின் எந்த மூலையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கும் பொதுவான செயற்குழுவை ஐ.நா. ஆணையம் அமைத்தது. ஒரு நாட்டை மட்டும் பார்க்காமல் ஒரு குற்றத்தை எல்லா நாட்டிலும் பார்க்கிற முதல் ஐ.நா. ஏற்பாடு அது. இன்றைக்கும் இயங்குகிறது. வில்லாஃப்ளோரின் எலும்புகளைத் தடயவியல் மானுடவியலாளர்கள் 2005ல் அடையாளம் கண்டார்கள். விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்டு, கரை ஒதுங்கி, பெயரில்லாத குழியில் புதைக்கப்பட்டிருந்தார்.

இவற்றோடு கூடவே நடந்தவை நிறைய. 1961ல் பீட்டர் பெனன்சன் தொடங்கிய ஆம்னஸ்டி இயக்கம், முன்பின் தெரியாத கைதிகளுக்காகச் சாதாரண மக்களைக் கடிதம் எழுத வைத்தது. மனித உரிமைகளை மதிப்பதாக வாக்களித்த 1975ன் ஹெல்சிங்கி ஒப்பந்தத்தில் சோவியத் ஒன்றியம் போட்ட கையெழுத்தை அந்நாட்டு எதிர்ப்பாளர்களே ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள். 1984ல் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை வந்தது. அதைக் காட்டியே 1998ல் பினோசேயை லண்டனில் பிடித்துவைக்க முடிந்தது. முன்னாள் அதிபர் என்ற தகுதி சித்திரவதைக்குக் கவசம் ஆகாது என்று பிரிட்டனின் மேல்சபை நீதிபதிகள் சொன்னார்கள். உடல்நிலையைக் காரணம் காட்டி 2000ல் அவர் நாடு திரும்பினார்.

முறையீடு உரிய இடத்துக்குப் போயும் பலன் இல்லாமல் போனதற்கு ருவாண்டாவைவிடக் கொடிய சாட்சி இல்லை. 1993 ஏப்ரலில் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பாக்ரே வாலி ந்தியாயே அங்கே போய்ப் பார்த்தார். அங்கே சிறுபான்மையினரான டூட்சி மக்கள், டூட்சி என்பதற்காகவே கொல்லப்படுகிறார்கள், இனப்படுகொலை உடன்படிக்கை இங்கே பொருந்தக்கூடும் என்று ஆகஸ்டில் எழுதியே கொடுத்தார். அறிக்கை அப்படியே கிடந்தது. மறு ஏப்ரலில் கொலைகள் தொடங்கின. அங்கிருந்த ஐ.நா. படையைப் பெருக்குவதை விட்டு, 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை முடிவெடுத்தது. நூறு நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் இறந்தார்கள். தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு இந்தக் கொலைகளை விசாரிக்க, தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. ஒரு தீர்ப்பாயம் அமைத்தது. தபா என்ற ஊரின் மேயர் அகாயேசு மீதான வழக்கில் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு முதலில் இல்லவே இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைப் பேச்சுவாக்கில் சொன்னார். யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. நீதிபதிகள் மேலே கேட்டார்கள். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. டர்பனில் 1941ல் பிறந்தவர், தமிழ் வம்சாவளியினர், பேருந்து ஓட்டுநரின் மகள். ஸ்மட்ஸின் சட்டத்தைப் பற்றிப் பொதுச் சபை விவாதித்தபோது அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த சிறுமி. வழக்கின் நடுவிலேயே குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 தீர்ப்பில், பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் ஒரு வழியாக முடியும் என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் முதன்முறையாகச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் ரோமில் 120 நாடுகளின் வாக்கோடு நிரந்தரக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான சாசனம் நிறைவேறியிருந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா நான்கும் அதற்கு வெளியே நிற்கின்றன. அதன் நீதிபதிகள் மீதே அமெரிக்கா 2025ல் தடைகள் விதித்தது.

வல்லரசுகள் விலகி நிற்கும் இடத்தில் சின்ன நாடுகள் வாசலைத் தேடிக் கண்டுபிடிக்கின்றன. 2019ல் ரோஹிங்கியா மக்களுக்காக மியான்மர் மீது, நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைக் கேட்கும் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா. அதன் சட்ட அமைச்சர் அபுபக்கர் தம்படூ முன்பு ருவாண்டா தீர்ப்பாயத்தில் வேலை பார்த்தவர். வங்கதேசத்து அகதி முகாமில் கேட்ட கதைகள் அவருக்குப் பழகிய கதைகளாக இருந்தன. இனப்படுகொலை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட எந்த நாடும், நேரடியாகப் பாதிக்கப்படாவிட்டாலும், வழக்குத் தொடரலாம் என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. 2023 கடைசியில் காசாவுக்காக இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா வழக்குத் தொடுத்ததும் இந்த வழியில்தான். 1946ல் குற்றம் சாட்டப்பட்டு நின்ற நாடு அது.

இலங்கை விஷயத்தில் இந்த ஏற்பாடுகளின் பலவீனம் எல்லாமே ஒன்றாகத் தெரிகிறது. 2009 மே 27 அன்று, முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், பழைய ஆணையத்தின் இடத்துக்கு வந்த ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கை அரசின் போக்கை வரவேற்று 29 வாக்குகளோடு தீர்மானம் போட்டது. அப்போது ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளை சுதந்திரமான சர்வதேச விசாரணை வேண்டும் என்றார், பேரவை கேட்கவில்லை. அதே பேரவை 2014ல் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2021ல் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க உயர் ஆணையர் அலுவலகத்தில் ஒரு பிரிவை ஏற்படுத்தியது. திரட்டியதை எந்த நீதிமன்றத்திடம் கொடுப்பது? இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை. பாதுகாப்புச் சபை வழியாக அனுப்பலாம் என்றால் அங்கே வீட்டோ இருக்கிறது. மிச்சமிருப்பது பிற நாட்டு நீதிமன்றங்கள். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம் 2022 ஜனவரியில், சிரியாவின் உளவுத்துறை அதிகாரி ஒருவருக்கு மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்காக ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சி சொன்னவர்களில் பலர் அகதிகளாக அங்கே வந்து சேர்ந்த சிரியர்கள்.

இலங்கை பற்றிய சான்றுகளும் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு உதவும்படியே வகைப்படுத்தப்படுகின்றன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். இருப்பவர்களின் வாக்குமூலங்களை நீதிமன்றத்தில் நிற்கிற வடிவத்தில் பதிவு செய்ய ஆள் வேண்டும், பணம் வேண்டும், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும். அந்தப் பிரிவின் ஆயுளோ பேரவை அவ்வப்போது நிறைவேற்றும் நீட்டிப்புத் தீர்மானத்தில் இருக்கிறது.